எதிரணிக்கு ஒரு நல்ல வார்த்தை

கணவர் கதிரேசனின் வேட்புமனுவை முன்மொழியப் பூங்கோதை தேர்தல் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். வேட்பாளரும் முன்மொழிபவரும் எதிர்க்கட்சி வேட்பாளர் செல்வராணியைப் பற்றி மனதார ஒரு நல்லது சொன்னால்தான் மேசை மேலிருந்த உண்மை அறியும் கருவியில் பச்சை விளக்கு எரியும், மனு செல்லும்.

கதிரேசன் யோசிக்கவே இல்லை. “வெள்ளத்துல செல்வராணி எங்க கட்சிக்காரங்க பிள்ளைகளைத்தான் முதல்ல தூக்கிட்டு வந்தாங்க” என்றார். குரல் குழைந்தது. உடனே பச்சை.

பூங்கோதைக்கு வயிறு எரிந்தது. “செல்வராணி நல்லவங்க” என்றாள். சிவப்பு. “தைரியசாலி.” மறுபடியும் சிவப்பு.

“இதுதாம்மா கடைசி வாய்ப்பு” என்றார் அதிகாரி.

“இருபது வருஷத்துல இவர் என்னைப் பத்தி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். இவரையே சொல்ல வெச்சாங்கன்னா, அந்தம்மா நிஜமாவே நல்லவங்கதான்.”

பச்சை எரிந்தது. கதிரேசன்தான் தலை நிமிரவில்லை.