பெட்ரோல் இருக்குதா பாரு

நஞ்சன்கூடு சாலையில், கடகொளாவைத் தாண்டி, வண்டி மூன்றாவது முறையாக நின்றது.

தாரணி அதை ஒரு புளியமரத்தடிக்கு ஓரங்கட்டினாள். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த மாமியார் சித்தம்மா இறங்கிச் சேலையை உதறிக்கொண்டாள்.

நின்ற விதமும் முன்பு போலவேதான். பட்டென்று நிற்கவில்லை. இருமி, திணறி, தாகத்தில் தொண்டை வறண்ட மாதிரி அடங்கியது.

அதுதான் புரியவில்லை. ஆயில் புதிது. ஸ்பார்க் பிளக் புதிது. கார்புரேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு துளையாக ஊதி, அவளே திரும்ப மாட்டியிருந்தாள். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது.

அவள் கை வைப்பதற்கு முன்னால் இந்தப் பழைய வண்டி ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டியத்தான கண்ணு பிரிச்சே?" என்று முதல் தடவை நின்றபோதே அத்தை கேட்டுவிட்டாள்.

ஐடிஐயில் வண்டி மெக்கானிக் படிப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மைசூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குச் சேர வேண்டும். கணவன் தீபக் சரி என்றுவிட்டான். அத்தைதான் நிபந்தனை போட்டாள். முதலில் வீட்டு வண்டியைப் பிரித்து மாட்டு, நானே ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன், அது நன்றாக ஓடினால் ஊரான் வண்டிக்குப் போகலாம்.

ஏறி உட்கார்ந்து பார்ப்பதற்குத்தான் இந்த நஞ்சன்கூடு கோயில் பயணம்.

எதிரே பைக்கில் வந்த ஒருவர் வேகம் குறைத்து, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஏனில்லப்பா, நம்ம சொசே மெக்கானிக்கு" என்றாள் அத்தை.

ஒன்றுமில்லை, எங்கள் மருமகள் மெக்கானிக். அதைப் பெருமையாகச் சொன்னாளா, குத்தலாகச் சொன்னாளா என்று தாரணிக்குப் பிடிபடவில்லை. அந்த ஆள் சிரித்துவிட்டுப் போனார். அவர் வண்டியின் முகப்பிலும் வாடிய சாமந்தி மாலை, காய்ந்த சந்தனம், குங்குமம். தசரா முடிந்த வாரத்தில் மைசூர்ப் பக்கம் சந்தனம் பூசாத வண்டி ஏது?

தாரணி கிக்கரை உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். வண்டிக்கு உயிர் வரவில்லை.

முதல் இரண்டு தடவையும் இது இப்படி அடம்பிடிக்கவில்லை. இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிட்டது.

அப்போது செய்து, இப்போது செய்யாமல் விட்டது என்ன?

கிக்கரில் வைத்த கால் அப்படியே நின்றது.

அப்போது இரண்டு முறையும் அத்தை, "பெட்ரோல் இருக்குதா பாரு" என்றாள். படித்து முடித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்ற எரிச்சலோடு தாரணி டேங்க் மூடியைத் திறந்து காட்டினாள். மூடினாள். உதைத்தாள். ஓடியது.

இந்த முறை அத்தை கேட்கவில்லை. அதனால் அவளும் திறக்கவில்லை.

மூடியில் சாவியை நுழைத்தாள். காதை டேங்கின் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாகத் திருப்பினாள்.

'ஸ்ஸ்' என்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது.

இந்த வண்டியில் பெட்ரோலைத் தள்ளிவிட பம்ப் கிடையாது. மேலே இருக்கிற டேங்கிலிருந்து அது தன் பாரத்தில்தான் கீழே இறங்குகிறது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் ஓர் இழுப்பு உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் தொங்கி நிற்கும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொன்று போட்டதும் சீராக ஊற்றும். வண்டியில் அந்த இரண்டாவது ஓட்டை டேங்க் மூடியில் இருக்கிறது, குண்டூசி முனை அளவில்.

மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று புகுந்தது, வண்டி ஓடியது. மூடியபின் கொஞ்ச தூரத்தில் மறுபடி தாகம்.

அப்படியானால் கார்புரேட்டரில் குற்றமில்லை. பிளக்கில் குற்றமில்லை. அவள் கையிலும் இல்லை.

காலையிலிருந்து கழுத்துவரை ஏறி நின்ற தோள்கள் தாமாகக் கீழே இறங்கின. அழுகை வரும்போல இருந்தது, சிரிப்புதான் வந்தது.

மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். துளையையே காணோம். சாவி போகும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதியெல்லாம் சந்தனம். கட்டை விரலால் அழுத்தி வைத்து, நடுவே குங்குமம் இட்டு, காய்ந்து கல்லாகியிருந்தது.

ஆயுத பூஜையன்று அவள் வீட்டில் இல்லை. ஐடிஐயில் இன்ஜின்களுக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாட்டி முடித்து நிறுத்தியிருந்த வண்டி, சாயங்காலம் திரும்பியபோது இந்தக் கோலத்தில்தான் நின்றது. அதற்குப் பிறகு இன்றுதான் அதை வெளியே எடுத்தாள்.

"உங்க பையனுக்கு அளவே தெரியாதுங்க அத்தை. பொட்டு வைக்கச் சொன்னா, செவுத்துக்குப் பூசற மாதிரி பூசி வச்சிருக்காரு!"

அத்தை சாலைப் பக்கம் பார்த்தபடியே வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

"அவன் எங்க வெச்சான்? நாந்தான் வெச்சேன். நீ மொத மொதப் பூட்டுன வண்டியாச்சேன்னு, கொஞ்சம் சேத்தியே வெச்சுட்டேன்."

தாரணி ஊக்கை விரித்துச் சந்தனத்தில் குத்தினாள். பொடி உதிர்ந்தது. வாய் வைத்து ஊதினாள். மறுபக்கம் பிடித்திருந்த விரலில் காற்று பட்டது.

துளை திறந்துவிட்டது. காற்று உள்ளே போனது, பெட்ரோல் கீழே வந்தது. நஞ்சன்கூடு வரை வண்டி நிற்கவில்லை.