வெடிக்காத தோட்டா

நிலத்தடி நீர் தேட வந்த இன்ஜினீயர் சத்யப்ரியா, தரையில் ஊன்றிய இரும்புக் குழாயில் தோட்டாவைப் போட்டுவிட்டு, தள்ளி வந்து பட்டனை அழுத்தினாள். தோட்டா மண்ணை அறையும்போது எழும் அதிர்வை, வயலில் வரிசையாகக் குத்தியிருந்த கருவிகள் திரையில் கோடுகளாகக் காட்டும். ஆனால் தோட்டா வெடிக்கவில்லை.

"என்னம்மா, புஸ்ஸுன்னு போச்சு? வேற ஒண்ணப் போட்டு அடிங்க" என்றார் நிலத்துக்காரர் நல்லகாமன். ஏற்கெனவே மூன்று இடத்தில் போர் போட்டு, மூன்றிலும் புழுதிதான் வந்திருந்தது.

"கிட்டப் போயிராதீங்கண்ணே. வெடிக்காதது எப்ப வேணாலும் வெடிக்கும். அரை மணி நேரம் இங்கயே நிப்போம்."

பக்கத்து வயல்காரர் முத்துக்குமரன் சிரித்தார். "வெடிச்சாலும் ஒண்ணும் தெரியப் போறதில்ல மேடம். இந்த மண்ணுல ஏது தண்ணி? என் போர் வத்தி ரெண்டு வருசமாச்சு. மாட்டுக்கே லாரித் தண்ணிதான்."

சத்யப்ரியா திரையைப் பார்த்தாள். கோடுகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"யாரும் நடக்காதீங்கண்ணே."

"நாங்க அசையவே இல்லையே!"

அரை மணி நேரம் ஆகியும் நடுக்கம் நிற்கவில்லை. முத்துக்குமரனின் வேலியோரம் இருந்த கடைசிக் கருவியில்தான் அது அதிகம்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க போருக்குள்ள மோட்டார் நிக்காம ஓடுதே?"

முத்துக்குமரனின் சிரிப்பு நின்றது. நல்லகாமனைப் பார்த்து முனகினார். "நீங்களும் இங்க போர் போட்டா எனக்குத் தண்ணி கொறஞ்சிரும்னுதான் மாமா..."

நல்லகாமன் விறுவிறுவென்று அவரை நோக்கிப் போனார். சத்யப்ரியா பதறினாள்.

போனவர் முத்துக்குமரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அப்பத் தண்ணி இருக்கா மாப்ள!"