ரப்பர் கொட்டை

குனோங் ராபாட்டில் உள்ள வீட்டுச் சமையலறையில் கேத்தல் விசிலடிக்கிறது. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள் பாப்பா. பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. கல் லாரி வேலையில் களைத்து வந்த தம்பி பத்துமலை வாசலில் நிற்கிறான். காது கேளாதவர்களுக்கு உதவவென்று அவன் ஒரு வருடமாகக் காசு வாங்காமல் வளர்த்துப் பழக்கும் நாய் மைலோ, கேத்தல் சத்தம் கேட்டுக் காதை நிமிர்த்துகிறது. "அண்ணே, நீங்க வாயத் தொறக்காதீங்கலா. அவனே போய்க் கூப்பிடட்டும்," என்கிறாள் நாய்க்குப் பயிற்சி கொடுக்க வந்த பிரமிளா. நாய் ஓடிப்போய்ப் பாப்பாவின் இடுப்பை முன்னங்காலால் மெல்லத் தட்டுகிறது. சட்டென்று அவள் தலை குனிந்து, மீன் வாடைக் கையால் பிடரியைப் பொத்திக்கொள்கிறாள். "ஏண்ணே, அக்கா அடி விழுற மாதிரி பயப்படுறாங்க?" "தெரியலலா," என்கிறான் பத்துமலை. தெரியும். சின்ன வயதில் சுங்காய் ரப்பர் தோட்டத்தில் இவளைக் கூப்பிட எல்லாரும் முதுகில் ரப்பர் கொட்டையை எறிவார்கள். பிடரியைப் பார்த்துக் குறி தப்பாமல் எறிந்தவன் இவன் ஒருத்தன்தான். கூப்பிட வேண்டியதில்லாத நேரத்திலும் எறிந்தான். கேத்தல் அலறுகிறது. நாய் மறுபடியும், முன்னைவிட மெதுவாகத் தட்டுகிறது. பாப்பா திரும்புகிறாள். அவள் பார்வை நாயைத் தாண்டி வந்து அவன் கையில் நிற்கிறது. பத்துமலை மூடியிருந்த விரல்களைப் பிரித்து, இரண்டு கையையும் அவளிடம் விரித்துக் காட்டுகிறான்.