கண்ணாடிக்கு என்ன கோளாறு?

மந்திரச் சாமான்கள் ரிப்பேர் கடையில், பேசும் கண்ணாடியை மேஜை மேல் சாய்த்து வைத்தாள் அந்த அம்மாள்.

"ஊர்லயே யாரு அழகுன்னு கேட்டா, முன்னெல்லாம் என்னைத்தான் சொல்லும். இப்ப, வீட்டை விட்டு ஓடிப்போன கழுதை ஒருத்தி பேரைச் சொல்லுது. எங்க இருக்கான்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்குது."

"ரசம் போயிருக்கும்மா," என்றார் கடைக்காரர். "நம்ம மெக்கானிக் பொண்ணு பாத்துக்குவா."

கண்ணாடியை உள் அறைக்குத் தூக்கிப் போய்க் கொடுத்தார். சற்று நேரத்தில் உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது. வாங்கி வந்து மேஜையில் நிறுத்தினார்.

"இப்பக் கேளுங்க."

"ஊர்லயே யாரு அழகு?"

"இந்த நிமிஷம் நீங்கதான்," என்றது கண்ணாடி.

அம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பையிலிருந்து செக்கச்செவேலென்று ஓர் ஆப்பிளை எடுத்து வைத்தாள்.

"வேற ஒருத்திக்குன்னு வச்சிருந்தேன். இனிமே தேவைப்படாது. உங்க மெக்கானிக்குக்குக் குடுத்துடுங்க."

அவள் போனதும் மெக்கானிக் எட்டிப் பார்த்தாள். நெற்றி முதல் கழுத்து வரை ஒரே கிரீஸ்.

"என்னம்மா கோலம் இது! அப்படி என்ன பெரிய ரிப்பேரு?"

"கண்ணாடி நல்லாத்தாண்ணே இருக்கு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதான் என் மூஞ்சியைக் கொஞ்சம் ரிப்பேர் பண்ணிக்கிட்டேன்."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே ஆப்பிளைக் கடிக்கப் போனார். அவள் பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"ஐயோ, வேணாண்ணே! எங்க சித்தி கையால எது குடுத்தாலும் வாயில வைக்கக் கூடாது!"