பேரை மாத்துங்க

"ரிப்போர்ட்ல பேரை மாத்துங்க, டாக்டர்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வரும் வழியெல்லாம் அக்கா அவளிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸின் வருடாந்திரப் பரிசோதனையைக் கவனிக்கும் டாக்டர் சிரித்தார். "பேரை மாத்தினா மூளையில இருக்கிற கட்டி ஓடிடுமாம்மா? சின்னதுதான், சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம். வேலை போயிடும்னு பயமா?"

"போகட்டும். ஸ்கேன்ல படுத்தது நானில்ல." அவள் ரிப்போர்ட்டை டாக்டர் பக்கம் தள்ளினாள். "ஊழியர்களுக்கு மட்டும்தானே இலவசம்? தலைவலியில துடிச்ச அக்காகிட்ட என் அடையாள அட்டையைக் கொடுத்து நான்தான் அனுப்பினேன். என்னைப் பட்டதாரியாக்கத் தன் படிப்பை விட்டவ. அவளுக்கு என்னால முடிஞ்சது இந்தத் திருட்டுத்தனம்தான்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. "இது மேனேஜருக்குத் தெரிஞ்சா..."

"சொல்லிட்டுத்தான் வர்றேன். ராஜினாமாவும் கொடுத்தாச்சு. அக்கா பேரை எழுதுங்க."

வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவை அழைத்துவர அவள் வெளியே நடந்தாள்.