மூன்று விசில்

அருவியின் உச்சியில் பூங்கொத்தை வைக்கக் குனிந்த லோரெட்டா திடுக்கிட்டாள். கீழே, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மூன்று விசில். சற்று இடைவெளி. மறுபடி மூன்று.

"ரஸ், கேட்டியா? மூணு விசில்னா காப்பாத்தச் சொல்றாங்கன்னு அர்த்தம். என் டெல்பர்ட்தான்!"

மீட்புக்குழுத் தலைவன் ரஸ் அவள் தோளைப் பிடித்தான். "பைத்தியம் மாதிரி பேசாதே. உன் புருஷன் இங்கே சறுக்கி விழுந்து மூணு மாசமாச்சு. வெள்ளம் ஏறினதால மறுநாளே தேடறதை நிறுத்திட்டோம். விழுந்த நொடியே உயிர் போயிருக்கும், வலிகூடத் தெரிஞ்சிருக்காதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் தூங்கினாள்.

"அப்போ ஊதறது யாரு, உன் தாத்தாவா?"

கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு வழுக்குப் பாறையில் இறங்கினாள். ரஸ்ஸும் பின்னாலேயே இறங்கினான்.

கீழே யாரும் இல்லை. தண்ணீரோரப் புதரில் ஒரு சாம்பல் நிறக் குருவி வாலை ஆட்டியபடி மூன்று முறை விசிலடித்தது.

ரஸ் சிரித்துவிட்டான். "அடச்சே, மாக்கிங்பேர்ட்! கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிப் பாடற பறவை. எங்க வீட்டுக் கூரையில ஒண்ணு இருக்கு. பக்கத்து வீட்டுக் கார் அலாரத்தை அச்சு அசலாப் பாடும்."

"ஒரு தடவை கேட்டாலே பாடிடுமா?"

"அதெப்படி? அதே சத்தத்தை நாள்கணக்கா, திரும்பத் திரும்பக் கேட்டாத்தான்..."

ரஸ்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாள்கணக்கா இங்கே ஊதினது யாரு, ரஸ்?"

குருவி மறுபடி ஆரம்பித்தது.