வாய்க்கால் நடைபாதை

சர்க்கரை ஏறி மயங்கிய அப்பாவின் தலை ஜெனிலாவின் மடியில் கிடக்க, ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

"வாய்க்கால் நடைபாதைல தெனமும் நடந்தே சுகர அடக்கி வச்சிருந்த மனுசன்," என்று அம்மா அழுதாள். "எவனோ நகராட்சில புகார் போட்டான், ஒத்தப் புகாருக்கே நடைபாதைக் கதவு தானாப் பூட்டிக்கிட்டுது. லாரி ஓடுத ரோட்டுல எப்படி நடப்பாரு?"

போட்டது ஜெனிலாதான். நடைபாதை முடியும் இடத்தில் காதலன் ரோஷனோடு தான் நின்று பேசுவதை அப்பா பார்த்துவிடுவார் என்ற பயம். இனி, போட்டவரே நேரில் வந்து திரும்பப் பெற்றால்தான் கதவு திறக்கும்.

அப்பா அரைக்கண் திறந்தார்.

"புகார் போட்டவங்களக் கண்டா கேளு தாயி. நாங்க நடந்ததுல அவங்களுக்கு என்ன தொந்தரவு?"